நாகஜோதி எங்கள் அணியில் ஆடாத வருடம்

உட்காருங்கள் தம்பி. அது வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். காகிதத்தை அப்புறம் எடுக்கலாம், பேனாவையும்தான். ஒரு கேள்வி கேட்பதற்காக மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில் எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுக்கிறேன், கவலைப்படாதீர்கள். ஆனால் முதலில் கொஞ்சம் பேசிவிடுகிறேன். பேசுவது வேறு, எழுதுவது வேறு. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.

உடற்கல்வி இயக்குநர் சேவுகப்பெருமாள் என்று போர்டில் எழுதியிருக்கும். பிள்ளைகள் பி.டி. சார் என்பார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பரமக்குடிப் பக்கத்தில் பெண்களுக்கு வாலிபால் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். வேண்டியிருந்தது. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியை நானே சொல்லிவிடுகிறேன், சரியா என்று பாருங்கள். நாகஜோதிக்கு உங்கள் இலாகாவில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வரப்போகிறது. அந்த வேலைக்கு அவள் காட்டியிருப்பது ஒரே ஒரு மெடல். கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த போட்டியில் வாங்கியது. இப்போது உங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. அதற்கு முந்தின வருடம் அவள் எங்கள் கல்லூரிக்கு ஆடினாள் என்று. படிப்பை முடிக்காமல் கல்லூரி மாறினால், முந்தின வருடம் ஆடியவர்கள் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும். விதி அது. ஆகவே அவள் இங்கே ஆடியிருந்தால் அந்த மெடல் செல்லாது. மெடல் செல்லாவிட்டால் வேலை இல்லை. ஆடினாளா, ஆடவில்லையா? அவ்வளவுதானே?

அந்த மொட்டைக் கடிதம் நான் எழுதியதல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காத யாரோ எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தப் பெண் மீது பொறாமை என்று ஊரில் சிலர் சொல்வார்கள். பெற்ற பெண் மாதிரி இருந்தவள் மீது என்ன பொறாமை? எனக்குக் குறை இருப்பதெல்லாம் அவளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன ஜோதிமுருகன் மீதுதான். அதுவும் பொறாமை இல்லை. நியாயம்.

நாகஜோதியை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? அட்மிஷன் வரிசையில் நின்றாள். நெடுங்குளத்துக்காரி. அப்பா கருமலையான் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணைப் பூசி, உள்ளே தீ வைத்துக் கரியாக்குவார்கள் இல்லையா, அந்த வேலை. பி.ஏ. வரலாறு கேட்டு நிற்கிறாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். அவ்வளவு நீள விரல். நகமெல்லாம் கறுப்பு.

"ஏம்மா, வாலிபால் ஆடியிருக்கியா?"

"இல்ல சார்."

"வேற என்ன ஆடியிருக்க?"

"கரி மூட தூக்கிருக்கேன் சார். லாரிக்கு மேல வீசுவோம்."

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. லாரிக்கு மேலே நிற்கிற ஆள் குனியாமல் வாங்குகிற மாதிரி மூட்டையை வீசத் தெரிந்தவள்தான் எனக்கு வேண்டும். அவளை செட்டராக ஆக்கினேன். செட்டர் என்றால் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். கிரவுண்டில் எல்லோரும் அடிக்கிறவளுக்குத்தான் கை தட்டுவார்கள். தூக்கிக் கொடுத்தவளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஆட்டம் அவள் கையில்தான் இருக்கும்.

பழைய பந்து ஒன்றைக் கீறி, உள்ளே கந்தல் துணியும் மணலும் அடைத்துத் தைத்தேன். அந்தக் கனத்த பந்தைத் தினமும் சுவரில் முந்நூறு தடவை விரல் நுனியால் தள்ள வேண்டும். வேறு பெண் என்றால் நான்காம் நாள் ஓடியிருப்பாள். இவள் முந்நூறு முடித்துவிட்டு, "இன்னும் ஐம்பது போடவா சார்?" என்பாள். எங்களுக்கு இருந்தது மண் கோர்ட். கம்பம் இரண்டும் பழைய போர்வெல் குழாய். நல்ல பந்து இரண்டுதான். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை. அது கல்லூரிக் கணக்கு இல்லை, என் வீட்டுக்காரி வள்ளிமயில் அவித்துக் கொடுத்தனுப்புவாள். அந்த முட்டைக்காகவே எத்தனையோ பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

ஸ்டெல்லா என்று எங்கள் அணியில் அடிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் முதலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில்தான் படித்தாள். நான் போய்ப் பேசினேன். ஹாஸ்டல் கட்டணம் வேண்டாம், முட்டை உண்டு என்றேன். வந்துவிட்டாள். அந்த சிஸ்டர், பாவம், ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார்.

"அவ ஒருத்திய வச்சுதான் சார் நாங்க டீமே வச்சிருந்தோம்" என்றார்.

"பிள்ளையோட எதிர்காலத்தப் பாருங்க சிஸ்டர்" என்றேன்.

அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனாவை என் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். வயதானவர். அடுத்த வருடம் அந்தக் கல்லூரியில் அணி இல்லை என்று கேள்விப்பட்டேன். அது வேறு விஷயம். நான் செய்தது ஒரு பெண்ணுக்கு உதவி. ஜோதிமுருகன் செய்தது வியாபாரம்.

ஜோதிமுருகன் யார் என்று சொல்லவில்லையே. உடற்கல்விக் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். சர்வீஸ் போட்டால் வலையைத் தாண்டாது. என் நோட்டைப் பார்த்து எழுதித்தான் பாஸ் செய்தான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய தனியார் கல்லூரிக்கு விளையாட்டு இயக்குநர். மரத்தளம் போட்ட உள்ளரங்கம். அதற்கு ஏ.சி. பந்து மட்டும் ஒரு அறை நிறைய இருக்குமாம். நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்றும் இல்லை. சொல்கிறார்கள்.

அவன்தான் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தான். படிப்புக்குக் கட்டணம் இல்லை, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை என்பது எல்லா இடத்திலும் உள்ளது. அதற்கு மேல் மாதாமாதம் கையில் பணம். ஊக்கத்தொகை என்று பெயர். ஆடுகிற பெண்ணின் பெயரில் பாங்கில் விழும். ஒரு கல்லூரி கொடுத்தால் பக்கத்துக் கல்லூரி சும்மா இருக்குமா? அதுவும் கொடுத்தது. கூட்டிக் கொடுத்தது. பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு நான் போனால், எனக்கு முன்பே டீ-ஷர்ட் போட்ட இரண்டு பேர் உயரம் அளக்கிற டேப்போடு நிற்பார்கள். முன்பெல்லாம் மே மாதம் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். இப்போது ஜனவரியிலேயே தாய்மார்கள் பாஸ்புக் நகலோடு நிற்கிறார்கள். "நீங்க எவ்வளவு குடுப்பீங்க சார்?" என்று என்னிடமே கேட்டாள் ஒருத்தி. நான் முட்டையைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாளே, இன்னும் மறக்கவில்லை.

அவனிடமே ஒரு முறை கேட்டேன். "இப்படிக் காசு குடுத்து ஆள் பிடிச்சா எங்கள மாதிரிக் கல்லூரியெல்லாம் என்னப்பா பண்றது?" என்றேன்.

"அண்ணே, நீங்க முட்டை குடுத்தீங்க, நான் பணம் குடுக்கேன். பிள்ளைக முட்டைய வீட்டுக்கு அனுப்ப முடியுமா?" என்று சிரித்தான். பேச்சு மட்டும் எப்போதும் அவனுக்கு உண்டு.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன். பேனாவைத் தொடாதீர்கள். சிவகங்கையில் மண்டல இறுதி ஆட்டம். நாகஜோதி இரண்டாம் வருடம் படிக்கிறாள். எதிர் அணி மதுரைப் பெண்கள், ஒவ்வொருத்தியும் தென்னை உயரம். இரண்டு செட் நாங்கள், இரண்டு செட் அவர்கள். பதினைந்தில் முடிகிற ஐந்தாவது செட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பந்து நாகஜோதிக்கு வருகிறது. அவள் ஸ்டெல்லா பக்கம் பார்க்கிறாள், அங்கே இரண்டு பேர் தடுக்கத் தயாராக நிற்கிறார்கள். எல்லோரும் ஸ்டெல்லாவுக்குத்தான் கொடுப்பாள் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவள் பார்வையைத் திருப்பாமலே பந்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அங்கே ஆளே இல்லாத இடத்துக்கு எங்கள் பெண் ஒருத்தி ஓடிவந்து அடித்தாள். அடுத்த பந்தும் அதே மாதிரி. முடிந்தது. அம்பயர் என்னிடம் வந்து, "யார் சார் அந்தப் புள்ள, முதுகுல கண்ணு வச்சிருக்கு?" என்றார். என் புள்ள என்றேன். ஸ்கோர் ஷீட் என் பீரோவில்தான் இருக்கிறது. ஏழாம் நம்பரில் அவள் பெயர். வேண்டாம், அதை எடுக்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

உங்கள் சுண்டுவிரல் வளைந்திருக்கிறதே. கபடியா? நினைத்தேன். அதனால்தான் உங்களிடம் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

அந்த ஜனவரியில் வள்ளிமயில் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பது நாள்தான். அப்புறம் முட்டை யார் அவிப்பது? நின்றுபோயிற்று. ஒரு நாள் நாகஜோதி வாசலில் வந்து நின்றாள். "சார், நான் காலையில வந்து அவிச்சு எடுத்துட்டுப் போறேன். டீம்ல ரெண்டு பேரு கிறுகிறுன்னு வருதுன்னு உக்காந்துடுறாளுக" என்றாள். எனக்கு அப்போது யாரும் வீட்டுக்குள் வருவது பிடிக்கவில்லை. அந்த அடுப்பில் வேறு ஆள் நிற்பது பிடிக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம், வீட்டுல சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். கருமலையான் வீட்டில் காலையில் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முட்டையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. ஜோதிமுருகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் அவனிடமிருந்து போன். "அண்ணே, மதினி போனதுக்கு வர முடியல, மன்னிச்சுக்கங்க."

"சரிப்பா."

"நம்ம நாகஜோதி விஷயமா நிரப்பிக் குடுக்க ஒரு பாரம் அனுப்பியிருக்கேன்."

நம்ம நாகஜோதி. கேட்டீர்களா? அதுவரை அவள் போகப்போகிறாள் என்றே எனக்குத் தெரியாது. அங்கே முதலிலிருந்து புதுப் படிப்பாகச் சேர்கிறாளாம். அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. முந்தைய ஆண்டு வேறு கல்லூரிக்காக ஆடியவரா? பி.டி.க்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு தம்பி, வெளியே சொல்வதில்லை. பிள்ளை போவதென்று முடிவாகிவிட்டால், பழைய பி.டி. அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார். நாளைக்கு அவருக்கும் அதே தேவை வரும். ஸ்டெல்லாவுக்கு அந்த சிஸ்டர் எழுதிக் கொடுத்தது அதுதான்.

நான் பதினோரு நாள் அந்தப் பாரத்தைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் அப்பாவும் மகளும் என் அறைக்கு வந்தார்கள். ஆம் என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். உண்மை அதுதானே? உண்மையை எழுதினால் யார் என்ன கேட்க முடியும்? ஒரு வருடம் ஆட முடியாது. ஆடாதவளுக்கு ஜோதிமுருகன் பணம் கொடுப்பானா? திரும்பி வருவாள். ஏழாம் நம்பர் சட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

கருமலையான் உட்காரவில்லை. "தப்பா எடுத்துக்காதிய சார். மூட்டத்துப் புகையில நெஞ்சு காஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வருசம் ஓடுமான்னு தெரியல. இவளுக்கு அந்தக் காசு வந்தா சின்னவ படிப்பா" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். "உனக்கு இங்க என்ன குறை வச்சேன்?"

"குறையெல்லாம் இல்ல சார். நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க. ஒரு வருசம் சும்மா உக்காந்திருந்தாலும் மாசப் பணம் வந்துருமாம். ஜோதிமுருகன் சார் சொல்லிட்டாரு."

"ஏய், சும்மா இரு" என்றார் அப்பா.

நான் உண்மையை எழுதினாலும் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. திரும்பி வரப்போவதில்லை. நான் என்ன எழுதினாலும் ஒன்றுதான். அப்படியா சேதி என்று பேனாவை எடுத்தேன். இந்தப் பெண் எங்கள் அணியில் ஆடவே இல்லை, நான் இவளைப் பார்த்ததே இல்லை என்ற எண்ணத்தோடு, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி, இல்லை என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அவள் அதை எடுத்துப் படித்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் மனமிரங்கி உதவி செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் திட்டியிருக்கிறேன், அவள் கும்பிடுகிறாள். என்ன செய்வது, நல்லா இரு என்றேன்.

அந்த வருடமே மெடல் வாங்கினாள்.

எங்கள் கதையைக் கேளுங்கள். அதே வருடம் ஸ்டெல்லாவும் படிப்பை முடித்துப் போய்விட்டாள். மிச்சம் ஐந்து பேர், ஆட ஆறு பேர் வேண்டும். வணிகவியல் படிக்கிற ரஹ்மத் நிஷாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்ட பெண், பந்து வந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வாள். முதல் செட் இருபத்தைந்துக்கு மூன்று. இரண்டாவது இருபத்தைந்துக்கு நான்கு. மூன்றாவது செட்டில் அவள் கை பட்டு ஒரு பந்து அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டது. எதிர் அணிப் பெண்களே கை தட்டினார்கள். அடுத்த வருடம் ஐந்து பேரும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டு சீட்டு அப்படியே காலியாகக் கிடந்தது. கல்லூரி பெயரைப் போட்டிக்குக் கொடுக்கவே இல்லை. "ஆள் இல்லாத கோர்ட்டு எதுக்கு சார்?" என்றார் பிரின்சிபால். இப்போது அங்கே ஆசிரியர்கள் கார் நிறுத்துகிறார்கள். அந்தக் குழாய்க் கம்பத்தில் ஒன்றைக் கொடிக்கம்பத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் அவன் பேட்டி. பக்கத்தில் மெடலோடு நாகஜோதி. என்ன சொல்லியிருந்தான் தெரியுமா? பந்தைப் பிடிக்கவே தெரியாமல் எங்களிடம் வந்த கிராமத்துப் பெண், நாங்கள்தான் உருவாக்கினோம் என்று. முதுகுக்குப் பின்னால் தள்ளுவது அவன் சொல்லிக் கொடுத்த வித்தையாம். சர்வீஸே தாண்டாதவன். அந்தப் பேப்பரைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவளையும் கேட்டிருந்தார்கள். எல்லாம் சாரால்தான் என்று ஒரு வரி. எந்த சார்? பக்கத்தில் நிற்பவன்தான் என்று படிக்கிறவன் நினைப்பான். அவள் என் பெயரைச் சொல்லியிருக்க முடியாது, சொன்னால் மாட்டிக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருடம் அவளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள், பழையபடி வரவில்லை. ஊக்கத்தொகை ஆடுகிறவர்களுக்குத்தானே? நிறுத்திவிட்டார்கள். சும்மா இருந்தாலும் பணம் வரும் என்று சொன்ன அதே ஜோதிமுருகன்தான். விளையாட்டு ஹாஸ்டலில் அவள் கட்டிலை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே ஒரு அறையில் நான்கு பேரோடு தங்கி, கடையில் பில் போட்டுக்கொண்டு படிப்பை முடித்தாளாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான். இனி அவன் அவளைத் தன் பெண் என்று சொல்லமாட்டான் இல்லையா? அதுதான்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கருமலையானைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். இருமிக்கொண்டே ஓடிவந்தார். "வேலை வந்துரும்போலருக்கு சார். ஆர்டர் கையில கெடச்சதும் பேப்பர்காரங்ககிட்ட உங்க பேரத்தான் சொல்லணும்னு கெடக்கா. மணல் அடச்ச பந்து கதையெல்லாம் சொல்லப்போறாளாம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையெல்லாம் எடுத்துத் துவைத்தேன் தம்பி. பேப்பரில் படம் போட யாராவது வந்தால் போட்டுக்கொள்ள நல்லதாக ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம்தான் உங்கள் ஆபீஸ் கடிதம்.

நீங்கள் பேனாவை மூடி வைத்ததைக் கவனித்தேன். நல்ல பிள்ளை. இப்போது அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். நானே எழுதுகிறேன், என் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் தடவை எழுதும்போது யோசிக்கவில்லை, கோபத்தில் எழுதிவிட்டேன். இந்தத் தடவை கை மெதுவாகத்தான் போகிறது. மேற்படி ஆண்டில் நாகஜோதி என்னும் மாணவி எங்கள் கல்லூரி வாலிபால் அணியில் ஆடவில்லை. அவருக்கு நான் பயிற்சி எதுவும் அளிக்கவில்லை. அந்த இரண்டாவது வரி தேவையில்லையா? இருக்கட்டும். கேள்வி வராமல் இருக்கும்.

இந்தாருங்கள். தேதியும் போட்டிருக்கிறேன். ஸ்கோர் ஷீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் அடுப்பு இருக்கிறது.

ஒரே ஒரு உதவி. நான் அவளுக்குப் போன் செய்யக்கூடாது, நாளைக்கு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ஆர்டர் கொடுக்கும்போது நீங்களே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பேப்பர்காரர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்லக்கூடாது. மணல் பந்தைப் பற்றியும் மூச்சுவிடக்கூடாது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் ஜோதிமுருகன் சார் என்று சொல்லட்டும்.

அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும் என்றும் சொல்லுங்கள்.